பதினைந்து எட்டு நூற்றிருபது

பரப்பளவு என்றால் நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நான்கு வினாடி ஆகும். முப்பத்தொரு வருடம் ஐந்தாம் வகுப்புக்கு இந்த நான்கு வினாடியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுதுவேன், கீழே இரண்டு கோடு இழுப்பேன், பிள்ளைகள் பத்து முறை எழுதுவார்கள், பாடம் முடிந்தது. அந்த டீச்சர் இதே பாடத்துக்கு எடுத்துக்கொண்டது நாற்பத்தேழு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வகுப்பு வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தேழு நிமிடம் ஓடி மணி அடித்த பிறகும் பரப்பளவு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது அந்தப் பள்ளி. அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புக்கு மூன்று அறை, ஒரு தலைமையாசிரியை, இரண்டு டீச்சர், நாற்பத்தொரு பிள்ளைகள். நான் விழுப்புரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது திண்டிவனத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பள்ளிக் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி, என்னைப் பிடித்துப் போட்டார்கள். குழுவில் நாங்கள் ஏழு பேர். தாளாளர் கூட்டம் தொடங்கும்போது கண்ணை மூடுவார், டீ வரும்போது திறப்பார். ஊர்க்காரர்கள் மூன்று பேர் எதற்கும் கையைத் தூக்குவார்கள். அடுத்தது தலைமையாசிரியை. அவருக்கு எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து மேலே அனுப்ப வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆறாவது ஆள் நான். ஏழாவது ஆள்தான், நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்து நடத்தும் அந்த டீச்சர். வானூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்காது. இரண்டு பஸ் மாறி வருவார்.

அவரிடம் பதினைந்து சதுரத் துண்டுகள் இருந்தன. பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை வெட்டி எடுத்தவை. ஒவ்வொன்றும் நான்கடிக்கு நான்கடி. ஒன்றில் கல்யாணப் பெண்ணின் பாதி முகம். ஒன்றில் காதணி விழாக் குழந்தை. ஒன்றில் தலை இல்லாமல் கும்பிடும் இரண்டு கை, விரல் எல்லாம் மோதிரம். ஒன்று கண்ணீர் அஞ்சலி. பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாலே இந்த டீச்சர்கள் இப்படித்தான். கடலைக்கொட்டை, தீக்குச்சி, பாட்டில் மூடி என்று குப்பைத்தொட்டியில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வந்து அதற்குக் கணக்கு என்று பெயர் வைப்பார்கள். இவர் பேனருக்குப் போயிருந்தார். அதுதான் வித்தியாசம்.

முதலில் வராந்தா. எத்தனை துண்டு பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டார். ஆளுக்கு ஒரு எண் சொன்னார்கள். பிறகு விரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் அஞ்சலித் துண்டின் மேல் நடந்துவிட்டாள்.

"தாத்தா மூஞ்சி மேல கால வைக்காதடி," என்று இன்னொருத்தி கத்தினாள்.

"எங்க தாத்தா இல்லையே."

"யாரோட தாத்தாவோ. செத்தவரு. கனவுல வருவாரு பாரு."

டீச்சர் அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டார். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. உடனே எல்லாத் துண்டையும் திருப்ப வேண்டும் என்று ஒரு சண்டை. இதிலேயே ஆறு நிமிடம் போனது. கடைசியில் வராந்தாவை மூடிவிட்டார்கள். ஒரு வரிசைக்கு ஐந்து துண்டு, மூன்று வரிசை. பதினைந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஒன்று இரண்டு மூன்று என்று. எனக்குக் கை துறுதுறுத்தது.

அடுத்தது வகுப்பறை. அது பெரிது, துண்டு போதவில்லை. சுவர் ஓரமாக ஒரு வரிசை விரித்தார்கள், ஆறு துண்டு. எதிர்ச்சுவர் வரை எத்தனை வரிசை போகும் என்று ஒரு பெண் அந்த ஆறையும் எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ஐந்து வரிசை வந்தது. ஆறைந்து முப்பது என்று அவளே சொன்னாள். ஏன் முழுவதும் விரிக்கவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, "அதான் பதினஞ்சுதான இருக்குது டீச்சர்," என்றாள். அறையில் ஒரே சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். இதற்கு என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரை வராந்தாவில் நிறுத்தி என் மனதில் இருந்ததைச் சொன்னேன். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் பேனர் எதற்கு என்றேன். ஒரு வரிச் சூத்திரத்துக்கு ஒரு பீரியடா என்றேன். இப்படியே போனால் கன அளவு சொல்லித் தர வருடம் முடிந்துவிடும் என்றேன். அவர் துண்டுகளை உருளையாகச் சுருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "சூத்திரம் அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும் சார். ட்யூஷன்ல குடுத்துட்டாங்க. அது எதுக்குன்னுதான் தெரியல."

பதில் சொல்லத் தகுந்த பேச்சாக அது எனக்குப் படவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

இனி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு முன்னால், சர்வீஸ் ரோட்டைப் பார்த்து, பிள்ளைகள் விளையாடும் ஒரு தரை இருந்தது. அறுபதடிக்கு நாற்பதடி, சரியாக ஒரு மனை. மொத்தம் 2400 சதுர அடி. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஓடுவதற்கு அது ஒன்றுதான். பள்ளிக்குப் பின்னால் வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைகளை ஒருவர் வாங்கி, கல் நட்டு, கலர் கொடி கட்டி, மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய மனைப்பிரிவுக்கு ரோட்டிலிருந்து நேர் வழி இல்லை. எங்கள் விளையாட்டுத் தரை கிடைத்தால் அங்கே வளைவு கட்டி உள்ளே ரோடு போட்டுவிடலாம். அதற்குப் பதிலாகப் பள்ளிக்குப் பின்னால் அதே அளவு இடம் தருவதாகச் சொன்னார். பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் கட்டித் தருவதாகச் சொன்னார். இருந்த ஒரே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதனால் தலைமையாசிரியை அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டார்.

கூட்டத்தில் கேள்வி கேட்டது டீச்சர் மட்டும்தான். கழிப்பறை கட்டின பிறகு பிள்ளைகள் ஓட இடம் இருக்குமா என்றார். அளவு ஒன்றுதான், ஒரு அடிகூடக் குறையாது, வேண்டுமானால் பெரியவரை வைத்து அளந்துகொள்ளுங்கள் என்று மனைக்காரர் என் பக்கம் கையைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, இரண்டு கைபேசி, நான்கு மோதிரம். எழுந்து வந்து என் காலைத் தொட்டார்.

"என்னைத் தெரியுதா சார்? விழுப்புரத்துல நீங்கதான் எனக்கு அஞ்சாங்கிளாஸ் எடுத்தீங்க."

தெரியவில்லை. வருடத்துக்கு முப்பத்தெட்டுப் பிள்ளை என்று வைத்தாலும் முப்பத்தொரு வருடத்தில் ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு. அதில் ஒரு நூறு முகம் நினைவிருந்தால் அதிகம். தெரிகிறது என்றேன்.

மறுநாளே நூறடி டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். சத்துணவு ஆயா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் இருந்த இடத்துக்கு வடக்கு எல்லை பள்ளிச் சுவர், தெற்கு எல்லை மனைக்காரர் நட்ட கல் வரிசை. வடபுறம் அறுபது, தென்புறம் அறுபது, கிழக்குப்புறம் நாற்பது, மேற்குப்புறம் நாற்பது. அங்குலம்கூட மாறவில்லை. பக்கத்தில் ஒரு வாய்க்கால் குறுக்காக ஓடியதால், மூலைகள் நேராக இல்லாமல் இடம் கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். டீச்சரும் பார்த்துவிட்டு, சாய்வாக இருக்கிறதே சார் என்றார். சாய்ந்து நின்றால் மனிதனுக்கு எடை குறைந்துவிடுமா என்று கேட்டேன். கூட நின்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆயாவும் சிரித்தார்.

கோணலான இடத்துக்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும், கிடைத்த இரண்டு பாதிகளையும் பெருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தலைமையாசிரியர் சொல்லிக் கொடுத்தது. இந்தப் பக்கத்துப் பத்திரம் எல்லாமே நான்கு எல்லை, நான்கு அளவு என்றுதான் இருக்கும். பிள்ளைகளின் அப்பாக்கள் பத்திரத்தைக் கொண்டுவந்து இது எத்தனை சதுர அடி சார் என்று கேட்பார்கள். அவர்களுக்கு இதை வைத்துத்தான் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கும் வருடாவருடம் ஜனவரி மாதத்தில் சொல்லிக் கொடுத்தேன். வாழ்க்கைக்கு உதவும் கணக்கு இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பரீட்சைக்கு என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அதன்படி பார்த்தாலும் அறுபது நாற்பது இரண்டாயிரத்து நானூறு. தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதி முதல் கையெழுத்தைப் போட்டேன். மற்ற ஆறு பேரும் அதற்குக் கீழே போட்டார்கள்.

பத்திரம் பதிவதற்கு இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் டீச்சர் தன் பேனர்களோடு பிள்ளைகளை வெளியே இழுத்து வந்துவிட்டார். பழைய இடத்தையும் புது இடத்தையும் துண்டு போட்டு அளக்கப் போகிறார்களாம். நான் ஏற்கெனவே அளந்துவிட்டேனே என்றேன். பிள்ளைகள் அளக்கட்டுமே சார் என்றார். வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நிமிடம் வீணாகிறது என்று பார்க்கும் எண்ணம்தான்.

முன்தரையில் ஒரு வரிசைக்குப் பதினைந்து துண்டு பிடித்தது. கையில் இருந்ததும் பதினைந்துதான். ஒரு வரிசையை விரிப்பார்கள், ஓரத்தில் கோலமாவால் கோடு போடுவார்கள், அப்படியே எடுத்து அடுத்த வரிசைக்குக் கொண்டுபோவார்கள். பத்து வரிசை வந்தது. நூற்றைம்பது துண்டு. சரி, ஒரு துண்டுக்குப் பதினாறு சதுர அடி, மொத்தம் இரண்டாயிரத்து நானூறு. எனக்குத் தெரிந்ததை ஐம்பது நிமிடம் கழித்து அவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு பின்பக்கம் போனார்கள். பள்ளிச் சுவரை ஒட்டி முதல் வரிசை, அதே பதினைந்து. இடம் சாய்ந்திருந்ததால் ஒவ்வொரு வரிசையையும் கிழக்கே மூன்றடி தள்ளி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஒரு ஓரத்தில் துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மறு ஓரத்தில் அதே அளவு தரை காலியாகத் தெரிந்தது. நீட்டுவதை வெட்டிக் காலியில் ஒட்டினால் சரியாகிவிடும் இல்லையா என்று டீச்சர் கேட்டார், பிள்ளைகள் ஆமாம் போட்டார்கள். நான் கொட்டாவி விட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. அஞ்சலித் துண்டுக்குச் சண்டை போட்ட பெண் என் நாற்காலிக்கு ஓடிவந்தாள்.

"சார், பின்னாடி எட்டு வரிசைதான் வருது."

ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் போட்டிருப்பீர்கள் என்றேன். மறுபடி போடச் சொன்னேன். எட்டு. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஓரமும் கோட்டில் படுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போடவைத்தேன். எட்டாவது வரிசையின் விளிம்பு தெற்கே கல்லை இடித்துக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால் மனைக்காரரின் கலர் கொடி.

"டேப்பு தப்பா இருக்குமா சார்?" என்றது ஒரு பிள்ளை.

"தரை சுருங்கிப் போச்சு," என்றது இன்னொன்று.

முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கடைசி வரிசையை நானே விரித்தேன். எட்டுதான். பதினைந்து எட்டு நூற்றிருபது. முப்பது துண்டு காணோம். நானூற்று எண்பது சதுர அடி. ஐந்தில் ஒரு பங்கு. அந்த முப்பது துண்டு இடத்தில் கழிப்பறையைக் கட்டிவிட்டு அதைச் சுற்றிக் கயிறு தாண்டலாம்.

டீச்சர் குனிந்து துண்டுகளைச் சுருட்ட ஆரம்பித்தார். என்னிடம் ஏதாவது சொல்லியிருந்தால் அவரைத் திட்டியாவது இருப்பேன். அதனால் பிள்ளைகளைத் திட்டினேன். வெயிலில் நிற்கவைத்து விளையாட்டுக் காட்டுவதற்கா பள்ளிக்கூடம் என்று கேட்டுவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் மூன்று முறை மனக்கணக்குப் போட்டேன். நான்கு பக்கமும் ஒன்றுதான். நான்கு பக்கமும் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பது எப்படிக் குறையும்? டேப் பொய் சொல்லாது. பேனரும் பொய் சொல்ல வழி இல்லை, அதில் அச்சடித்திருப்பதுதான் பொய்.

மகன் வீட்டு வாசலில் இரும்பு மடக்குக் கதவு ஒன்று உண்டு. பக்கவாட்டில் தள்ளினால் மடங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் கதவு. அதைத் தள்ளியவன் பாதியில் நின்றுவிட்டேன். கதவு முழுக்கக் குறுக்குக் கம்பிகள். நான்கு கம்பித் துண்டுகள் சேர்ந்து ஒரு கட்டம். இழுத்து மூடினால் கட்டம் அகலமாக இருக்கிறது, உள்ளே கையை விடலாம். மடக்கினால் அதே கட்டம் ஒடுங்கிவிடுகிறது, விரல் நுழையாது. கம்பி நீளம் மாறவில்லை. நான்கு பக்கமும் அதே நான்கு பக்கம். நடுவில் இருந்த வெளி மட்டும் போய்விட்டது.

திறந்தேன். மூடினேன். பதினோரு முறை.

"கேட்டுக்கு எண்ணெய் போடணுமா மாமா?" என்று உள்ளிருந்து மருமகள் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். வாசற்படியில் உட்கார்ந்தேன். எத்தனை வருடம் இந்தக் கதவைத் தள்ளியிருக்கிறேன். பி.எட். படித்தவன், ஜில்லா அளவில் கணக்குக்குப் பரிசு வாங்கியவன். டேப்பை நான்கு பக்கமும் ஓட்டி, சாய்ந்தவனுக்கு எடை குறையுமா என்று ஜோக் அடித்தவன். அந்த ஜோக்குக்குச் சிரித்தவர்களை நினைத்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பதிவு அலுவலகத் தெருவுக்குப் போனேன். அந்த மனைக்காரரின் பத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்தேன். தாளில் நான்கு பக்கம் வரைந்து, சாய்த்துக் காட்டி விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். கோணல்மாணலாக இருந்தால் சராசரி, இது எங்கள் அப்பா காலத்துக் கணக்கு சார், இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை என்றார். இந்த முறையில் எத்தனை பத்திரம் எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். எண்ணாதவனிடம் பேசி என்ன பயன். எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. நான் மட்டும் எண்ணினேனா? பிள்ளைகளை எண்ணினேன். அந்தக் கணக்கைக் கொண்டுபோய் அவர்கள் எத்தனை கொல்லையை அளந்தார்கள் என்று எண்ணவில்லை.

தலைமையாசிரியையிடம் சொல்லி மறுபடி கூட்டம் போடவைத்தேன். தீர்மானம் ஆகிவிட்டதே சார், படமும் அனுப்பிவிட்டேனே என்று இழுத்தார். மனைக்காரரையும் கூப்பிடச் சொன்னேன். ஏழு பேரும் வந்தோம். மனைக்காரர் எட்டாவது. வந்ததும் எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கி வைத்தார்.

பேசுவதற்கு எழுந்தேன். வராந்தாவிலேயே இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "நான் அளந்தது தப்பு. நான் சொல்லிக் கொடுத்ததும் தப்பு." பிறகு எட்டு வரிசையைச் சொன்னேன். சாய்ந்த இடத்துக்குச் சாய்ந்த பக்கத்தை எடுக்கக் கூடாது, சுவரிலிருந்து நேராக எதிர்க்கோட்டுக்கு உள்ள அகலத்தைத்தான் எடுக்க வேண்டும், அது முப்பத்திரண்டு அடிதான் என்றேன். அறுபது முப்பத்திரண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

ஊர்க்காரர் ஒருவர், நாற்பது என்று டேப்பில் கண்ணால் பார்த்தோமே என்றார். தாளாளர் கண்ணைத் திறந்து, நான்கு பக்கமும் சரியாக இருந்தால் இடமும் சரிதானே என்றார். என் முப்பத்தொரு வருடமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

மனைக்காரர் சிரித்தார்.

"அந்தக் கணக்குக்கு நீங்கதான சார் எனக்குப் பத்துக்குப் பத்து போட்டீங்க. இப்ப தப்புன்னா, நான் யாரைப் போய்க் கேக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

டீச்சர் எழுந்து வெளியே போய்ப் பிள்ளைகள் செய்து வராந்தாக் கூரையில் சொருகி வைத்திருந்த நான்கு மூங்கில் குச்சிகளை எடுத்து வந்தார். மூலைகளில் நூலால் கட்டிய சட்டம். நேராகப் பிடித்தார், சாய்த்தார், இன்னும் சாய்த்தார். குச்சிகள் அப்படியே இருந்தன, நடுவில் இருந்தது ஒடுங்கிக்கொண்டே போனது. மனைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கைபேசியை எடுத்து எதையோ தட்டினார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். பிறகு டீச்சரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"சாஞ்சு இருந்தா எப்பவுமே கம்மியாத்தான் வருமா டீச்சர்? கூட வரவே வராதா?"

"வராது சார்."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். வாய்க்கால் ஓரமாகக் கோணல் கொல்லைகளாகவே, இதே கணக்கில் அளந்து வாங்கியிருந்தவர் அவர். தெரிந்தே எங்களிடம் வந்தாரா, அல்லது அந்த நிமிடம்தான் தானும் ஏமாந்தது தெரிந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்திருந்தால் திருடன். தெரியாவிட்டால் முட்டாள். அவருக்காவது இரண்டு வழி இருந்தது. எனக்கு ஒன்றுதான்.

முப்பத்திரண்டு அடி அகலத்தில் 2400 வர வேண்டுமானால் நீளம் எழுபத்தைந்து அடி வேண்டும். அதைக் கேட்டேன். அவ்வளவு தூரம் போனால் ஒரு மனை கெட்டுவிடும், எழுபது தருகிறேன் என்றார். எழுபது முப்பத்திரண்டு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. இன்னும் நூற்றறுபது குறைகிறது, பத்துத் துண்டு. சொல்லி முடிப்பதற்குள் தலைமையாசிரியை நன்றி சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். தாளாளர் மனைக்காரருக்குச் சால்வை போட வேண்டும் என்றார். நூற்றறுபது சதுர அடியை வைத்துக்கொண்டவனுக்குச் சால்வை.

தீர்மானத்தில் ஆறு கையெழுத்து விழுந்தது. நான் போடவில்லை. டீச்சர் போட்டார். அவராவது போட மாட்டார் என்று நினைத்திருந்தேன். வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன்.

"போன வாரம் எட்டு வரிசைன்னு தெரியாமலேயே குடுத்திருப்போம் சார். இப்ப இருபது துண்டு கூடக் கெடச்சிருக்குது. கக்கூஸுக்குப் பன்னெண்டு போனாலும் பாக்கி ஓடலாம். பொண்ணுங்க கதவப் புடிச்சிக்கினு நிக்கறதுதான் எனக்குப் பெருசு."

அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் குறைத்துக் கொடுப்பவனிடம் அப்படி வாங்கிக்கொள்ள எனக்கு வராது. அதை வைத்து அவரிடம் வாதாட எனக்கு உரிமை இல்லை. முதல் தப்பு என்னுடையது.

அடுத்த வாரம் கல் நடுகிறார்கள் என்று ஆயா சொல்லி அனுப்பினார். முதல் பஸ்ஸைப் பிடித்தேன். போய்ச் சேரும்போது மேஸ்திரி நான்கு மூலையிலும் கல்லை இறக்கிச் சுற்றிச் சிமெண்டு கலவை போட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டேப்பைத் தூக்கிக் காட்டினார்.

"நாலு பக்கமும் அளந்துட்டேன் சார். எழுவது, நாப்பது, எழுவது, நாப்பது. கரெக்டா இருக்குது."

குறுக்கே எவ்வளவு என்று கேட்டேன். குறுக்கே எதற்கு என்று அவர் கேட்டார். செங்கோணம் பார்க்கும் அவருடைய மூலைமட்டத்தை வாங்கிப் பள்ளிச் சுவரில் ஒட்டவைத்து, டேப்பை நேராகத் தெற்குக் கல் இரண்டுக்கும் நடுவே கட்டியிருந்த நூலுக்கு ஓட்டச் சொன்னேன். முப்பத்தொன்றரை. சுவரில் இருபதடி தள்ளியும் அப்படியே பார்த்தோம். முப்பத்தொன்றரை. தெற்குக் கல் இரண்டும் அரை அடி உள்ளே வந்து, நாற்பது கெடாமல் இருக்கக் கிழக்கே கொஞ்சம் நகர்ந்திருந்தன. யார் சொல்லி அப்படி நட்டார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, நாற்பது வரும் இடத்தில் நட்டேன் என்றார். உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் இன்னும் கேவலம்.

"அரை அடிக்கா சார் இந்தப் பேஜாரு?"

"அரை அடி இல்லப்பா. எழுபது அடி நீளத்துக்கும் அரை அடி. முப்பத்தஞ்சு சதுர அடி."

"முப்பத்தஞ்சு சதுர அடிய வெச்சிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க?"

ரெண்டு துண்டுக்கு மேலே விரிக்கலாம் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. கல்லைப் பிடுங்கு என்றேன். கலவை பிடித்துவிடும், மனைக்காரரைக் கேட்க வேண்டும், இன்னொரு சைட்டுக்குப் போக வேண்டும் என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றையும் கேட்டுவிட்டு, பிடிப்பதற்குள் பிடுங்கு என்றேன். நான் நகர மாட்டேன் என்பது அவருக்குப் புரிய ஒன்பது நிமிடம் ஆனது. ரிடையர் ஆனவங்களுக்கு வேற வேல இல்ல என்று எனக்குக் கேட்கும்படியாகவே முனகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார்.

நான் மூலைமட்டத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.